பொம்பெயி அரங்கில் வெட்டுக்குத்து: கி.பி. 59 கலவரம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கி.பி. 59. இத்தாலியின் கம்பானியா பகுதியில் உள்ள பொம்பெயி ஊரில் கிளாடியேட்டர் சண்டை. பக்கத்து ஊர் நூக்கேரியாவிலிருந்தும் ஆட்கள் திரண்டு வந்திருந்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். கிண்டல் வசவானது, வசவு கல்வீச்சானது, கடைசியில் கத்தியை உருவிவிட்டார்கள். சண்டை போடுவதற்கென்றே கொண்டுவரப்பட்ட வீரர்கள் ஒரு பக்கம் இருக்க, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வெட்டிக்கொண்டு செத்தார்கள்.

ரோமானிய நாகரிகம் என்றதும் சாலை, நீர்ப்பாலம், சட்டம், செனட் என்று பேச ஆரம்பித்துவிடுவோம். அந்த நாகரிகம் ஒரு நடுத்தர ஊரில், ஒரு விழா நாளில் எப்படி இயங்கியது என்று பார்க்க இதைவிட நல்ல சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை. பணக்காரர்கள் எதற்காகக் கைக்காசைப் போட்டு விழா எடுத்தார்கள், பக்கத்து ஊரோடு என்ன பகை, காவல் படை இல்லாத ஊரில் கலவரம் வந்தால் யார் கேட்பது, தலைநகரம் எப்போது தலையிடும் என்று எல்லாமே இதில் இருக்கிறது. ஆதாரமும் அபூர்வமாக நாலு பக்கத்திலிருந்து வருகிறது: ஒரு வரலாற்றாசிரியரின் சிறு பத்தி, ஒரு வீட்டுச் சுவர் ஓவியம், சுவர்க் கிறுக்கல்கள், ஒரு ஏலக்காரரின் கணக்குப் பலகைகள்.

வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். சம்பவம் நடந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். அற்பக் காரணத்தில் மூண்ட கோரக் கொலைகள் என்று ஆரம்பித்து, சிற்றூர்க்காரர்களின் அடக்கமில்லாத துடுக்குத்தனம்தான் காரணம் என்று முடித்துவிடுகிறார். ரோம் நகரத்து மேட்டுக்குடி மனிதருக்கு அது அப்படித்தான் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பகைக்கு வயது அதிகம். அன்றைய ஆட்டம் அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

நடந்தது என்ன

டாசிட்டஸ் தரும் தகவல்களை முதலில் வரிசையாகப் பார்த்துவிடலாம். விழாவை எடுத்தவர் லிவினேயஸ் ரெகுலஸ். இவர் ஏற்கெனவே செனட்டிலிருந்து நீக்கப்பட்டவர். அந்தக் கதையை முன்னமே சொல்லிவிட்டதாக டாசிட்டஸ் எழுதுகிறார். அந்தப் பகுதி தொலைந்துபோனதால் நீக்கத்துக்கான காரணம் நம் கைக்கு வரவில்லை. பதவி இழந்த ஓர் அரசியல்வாதி தலைநகரத்துக்கு வெளியே ஓர் ஊரில் பெரிய செலவில் விழா எடுக்கிறார் என்றால், இழந்த செல்வாக்கை வேறு இடத்தில் தேடுகிறார் என்று ஊகிப்பதில் தப்பில்லை.

சண்டை முற்றியபோது பொம்பெயிக்காரர்களின் கை ஓங்கியது. சொந்த ஊர், ஆள்பலம் அதிகம். நூக்கேரியாக்காரர்கள் பலர் வெட்டுப்பட்டு உடல் சிதைந்தார்கள். பெற்றோரையோ பிள்ளைகளையோ பறிகொடுத்து அழுதவர்கள் ஏராளம். செத்தவர்கள் எத்தனை பேர் என்று டாசிட்டஸ் எண்ணிக்கை தரவில்லை. ஆனால் ஒரு விவரம் தருகிறார்: காயம்பட்ட பலரை ரோமுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ரோம் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். கையும் காலும் வெட்டுப்பட்டவனை வண்டியில் போட்டு அவ்வளவு தூரம் கொண்டுபோவது வைத்தியத்துக்காக இருக்க முடியாது. காட்டுவதற்காகத்தான். புகார் மனுவைவிட, காயத்தோடு கிடக்கும் மனிதன் வலுவான சாட்சி. நூக்கேரியாவில் யாரோ ஒருவருக்கு இந்த வழக்கை எப்படி நடத்த வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

ஊருக்கு மிஞ்சிய அரங்கு

பொம்பெயி அரங்கு கி.மு. 70 வாக்கில் கட்டப்பட்டது. குவிங்டியஸ் வால்கஸ், மார்க்கஸ் போர்சியஸ் என்ற இரண்டு ஊர்த் தலைவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கட்டிக் குடியேற்றக்காரர்களுக்கு நிரந்தரமாகக் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. சுற்றிலும் இருக்கைகளும் நடுவில் சண்டைக்களமுமாகக் கல்லில் கட்டிய வட்டரங்குகளில், இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான். ரோமின் கொலோசியம் திறக்கப்பட்டது கி.பி. 80-இல், அதற்கு ஏறக்குறைய 150 ஆண்டு முந்தியது இது.

அரங்கில் சுமார் 20,000 பேர் உட்காரலாம். ஊர் மக்கள்தொகையோ, பெரும்பாலான ஆய்வாளர் கணக்கில் பத்துப் பன்னிரண்டாயிரம்தான். அதாவது, கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரை ஊரே வந்து உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட பாதி இடம் காலியாக இருக்கும். வெளியூர்க் கூட்டத்தை எதிர்பார்த்தே கட்டியிருக்கிறார்கள். அரங்கு இருக்கும் இடமும் அதைத்தான் சொல்கிறது: ஊரின் தென்கிழக்கு மூலை, மதிற்சுவரை ஒட்டி, நூக்கேரியா வாயிலுக்கும் சார்னோ வாயிலுக்கும் பக்கத்தில். வெளியூர்க்காரர்கள் ஊருக்குள் நுழைந்து நெரிசல் பண்ணாமல் நேரே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். நூக்கேரியா அங்கிருந்து ஒரு காலை நடை தூரம்.

வெளியூர்க் கூட்டத்துக்கு விளம்பரம் வேண்டுமே. அதற்குச் சுவர்தான். கலவரத்துக்குச் சில ஆண்டு முந்திய விளம்பரம் ஒன்று சுவரில் பெரிய எழுத்தில் அப்படியே கிடைத்திருக்கிறது. நீரோ அப்போது இன்னும் பேரரசர் ஆகவில்லை, இளவரசர்தான். அந்த இளவரசருக்கு ஆயுள் பூசாரியாக இருந்த டெசிமஸ் லுக்ரீஷியஸ் சாட்ரியஸ் வாலென்ஸ் 20 ஜோடி கிளாடியேட்டர்களை இறக்குகிறார். அவர் மகன் 10 ஜோடி. ஏப்ரல் 8 முதல் 12 வரை ஐந்து நாள், பொம்பெயியில். மிருக வேட்டை உண்டு, வெயிலுக்குப் பந்தலும் உண்டு. கீழே எழுதியவர் கையெழுத்து: எமிலியஸ் கெலர், நிலா வெளிச்சத்தில், தனி ஆளாக. விளம்பரம் எழுதுவது அன்றைக்குத் தனித் தொழில். சுண்ணாம்பு அடிக்க ஓர் ஆள், விளக்குப் பிடிக்க ஓர் ஆள் என்று குழுவாகப் போவதும் உண்டு. கெலர் யாரையும் கூட்டிப் போகவில்லை என்று பெருமையாக எழுதி வைத்துவிட்டார்.

அந்த விளம்பரத்தில் பெரிதாக இருப்பது வீரர்களின் பெயர் இல்லை, செலவு செய்தவர் பெயர். அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. ஊர்ப் பதவிக்குச் சம்பளம் கிடையாது; பதவிக்கு வருபவர்தான் ஊருக்குச் செலவு செய்ய வேண்டும். மக்கள் கைதட்டினால் அடுத்த தேர்தலில் உதவும், மகனுக்கும் வழி திறக்கும். நோலா, புட்டியோலி, நூக்கேரியா என்று சுற்றுப்பட்டு ஊர் ஆட்டங்களுக்கான அறிவிப்புகளும் பொம்பெயிச் சுவர்களில் இருக்கின்றன. ஆக, இந்த ஊர்க்காரர்கள் அங்கே போவதும் அந்த ஊர்க்காரர்கள் இங்கே வருவதும் வழக்கமாகவே நடந்துகொண்டிருந்தது. அப்படி எத்தனையோ ஆட்டம் நடந்திருக்க, 59-இல் மட்டும் ஏன் வெட்டுக்குத்து?

பழைய பகை, புது நிலம்

கி.மு. 91-இல் இத்தாலிய ஊர்கள் ரோமை எதிர்த்துக் கிளம்பியபோது பொம்பெயி கலகக்காரர்கள் பக்கம் நின்றது. நூக்கேரியா ரோம் பக்கம் நின்றது. அதற்காகக் கலகப் படை அந்த ஊரின் சுற்றுப்புறத்தைக் கொளுத்தியது. பொம்பெயிக்கும் கணக்குத் தீர்ந்தது. ரோமானியத் தளபதி சுல்லா கி.மு. 89-இல் ஊரை முற்றுகையிட்டார், கி.மு. 80-இல் தன் படைவீரர்களை அங்கே குடியேற்றினார். மேலே சொன்ன அரங்கு அந்தக் குடியேற்றக்காரர்களுக்காகக் கட்டியதுதான்.

இதெல்லாம் 59-க்கு நூற்று நாற்பது ஆண்டு முந்திய சங்கதி. இதை மட்டும் வைத்து யாரும் கத்தி எடுக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு ஊரையும் பிணைத்திருந்த வேறு விஷயங்கள் உண்டு. சார்னோ ஆற்று வழியாக நூக்கேரியாவுக்கும் நோலாவுக்கும் சரக்கு ஏறி இறங்கிய துறைமுகம் பொம்பெயி என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். ஒரே சமவெளி, ஒரே ஆறு, அடுத்தடுத்த வயல்கள். எல்லை எங்கே முடிகிறது, எங்கே ஆரம்பிக்கிறது என்பது எப்போதும் இருக்கக்கூடிய கேள்வி.

இந்த இடத்தில்தான் 57-ஆம் ஆண்டு முக்கியமாகிறது. டாசிட்டஸே தன் நூலின் முந்திய பகுதியில் போகிற போக்கில் எழுதுகிறார்: கப்புவாவிலும் நூக்கேரியாவிலும் நீரோ ஓய்வுபெற்ற படைவீரர்களைக் கூடுதலாகக் குடியேற்றினார். குடியேற்றம் என்றால் நிலம் கொடுக்க வேண்டும். அளப்பார்கள், பிரிப்பார்கள், ஏற்கெனவே உழுதுகொண்டிருப்பவனுக்கும் மேய்த்துக்கொண்டிருப்பவனுக்கும் அடி விழும். இரண்டு வருடத்தில் கலவரம். இரண்டையும் டாசிட்டஸ் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்ப்பது ஆய்வாளர்கள் சிலரும் நானும்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாய்ச்சண்டை எந்த ஆட்டத்திலும் வரும். கல் தரையில் கிடக்கும். அரங்குக்குள் அத்தனை கத்தி எப்படி வந்தது? இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்துவிட்டு நூக்கேரியாவில் இறங்கிய ஆட்கள் கூட்டத்தில் இருந்திருக்கலாம். எதிர்ப்பக்கமும் சும்மா வந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு தரப்பிலும் ஒரு பகுதியாவது தயாராக வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

சுவர்களும் சாட்சி சொல்கின்றன. பொம்பெயியின் விபசார விடுதிக்குள் ஒரு கிறுக்கல்: புட்டியோலிக்காரர்களுக்கும் நூக்கேரியாக்காரர்கள் எல்லோருக்கும் வாழ்த்து, பொம்பெயிக்காரர்களுக்கும் பித்தெகூசாக்காரர்களுக்கும் கொக்கி. கொக்கி என்பது மரண தண்டனை பெற்றவனின் பிணத்தை மாட்டி இழுத்துப்போகும் கொக்கி. எழுதியவர் நூக்கேரியா ஆளாகவோ ஆதரவாளராகவோ இருக்க வேண்டும், அதுவும் எதிரி ஊருக்குள் வந்து, அந்த இடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கலவரத்துக்கு முன்னா பின்னா என்று தேதி போடவில்லை. இதைப் படித்தால் எந்த ஊர் எந்த ஊரோடு கூட்டு என்பதும் தெரிகிறது. சண்டை இரண்டு ஊரோடு நிற்கவில்லை.

இன்னொரு கிறுக்கலில், வெற்றிக்கு அடையாளமான பனையோலையை ஏந்திக்கொண்டு ஒருவன் படியிறங்கி வருகிறான். பக்கத்தில், “கம்பானியரே, ஒரே வெற்றியில் நூக்கேரியாக்காரர்களோடு சேர்ந்து நீங்களும் ஒழிந்தீர்கள்” என்ற பொருளில் ஒரு வரி. இங்கே கம்பானியர் என்பது யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பொம்பெயியின் ஒரு பகுதிக்காரர்கள்தான் என்று ஒரு கட்சி. யாராக இருந்தாலும், எழுதியவருக்கு நடந்ததில் வருத்தம் துளியும் இல்லை.

வீட்டுச் சுவரில் கலவரம்

1869-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரச் சுவரில், இந்தக் கலவரத்தின் ஓவியம் கிடைத்தது. நடிகர் ஆக்டியஸ் அனிசெட்டஸின் பெயரால் அழைக்கப்படும் வீடு அது. ஓவியம் இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த உயரம்.

ஓவியர் உயரத்திலிருந்து பார்ப்பது போல வரைந்திருக்கிறார். அரங்கின் உள்பக்கமும் தெரிகிறது, வெளிச்சுவரில் இரண்டு பக்கமும் ஏறிச் சந்திக்கும் படிக்கட்டும் தெரிகிறது. பின்னால் மதிற்சுவரின் கோபுரங்கள்; மேலே ஒரு பக்கமாகப் பந்தல் துணி தொங்குகிறது. கெலர் விளம்பரத்தில் சொன்ன அதே பந்தல். முன்னால் மரங்களும், அவற்றின் நடுவே சின்னச் சின்னக் கடைகளும். வலப்பக்கம் உடற்பயிற்சி மைதானம், நடுவில் நீச்சல் குளம். இவ்வளவையும் பொறுமையாக வரைந்துவிட்டு, எங்கும் ஆட்களைச் சிதறவிட்டிருக்கிறார்: சண்டைக்களத்தில் அடித்துக்கொள்கிறார்கள், இருக்கைகளில் அடித்துக்கொள்கிறார்கள், வெளியே கடைகளுக்கு இடையே துரத்துகிறார்கள், சிலர் விழுந்து கிடக்கிறார்கள். கலவரம் அரங்கோடு முடியவில்லை, வெளியிலும் பரவியது என்பதை டாசிட்டஸ் சொல்லவில்லை. இந்தப் படம் சொல்கிறது.

மைதானச் சுவரில் பொடி எழுத்தில் வாழ்த்து வாசகங்களும் இருக்கின்றன. லத்தீனிலும் கிரேக்க எழுத்திலுமாக, அதே லுக்ரீஷியஸ் சாட்ரியஸ் வாலென்ஸுக்கு வாழ்த்து, நீரோவுக்கு வாழ்த்து. படத்துக்குள்ளேயே சுவர் விளம்பரத்தை விடாமல் வரைந்த ஓவியரை என்ன சொல்வது!

ஊருக்கு அவமானம் தேடித்தந்த, தண்டனை வாங்கித்தந்த ஒரு நாளை எதற்காக வீட்டில் வரைந்து வைக்க வேண்டும்? அவமானம் என்று வீட்டுக்காரர் நினைக்கவில்லை, அதுதான் பதில். இரண்டு பக்கமும் கிளாடியேட்டர் ஜோடிகளின் படங்கள் வேறு. ஆட்டங்களில் ஓர் ஆட்டமாக, உள்ளூர் ஜெயித்த ஆட்டமாக மாட்டி வைத்திருக்கிறார்.

விசாரணையும் தீர்ப்பும்

நூக்கேரியாக்காரர்கள் ரோமில் போய் நின்றார்கள். நீரோ வழக்கைச் செனட்டுக்குத் தள்ளினார்; செனட் கான்சல்களுக்கு, அதாவது ரோமின் உயர்ந்த பதவியில் இருந்த இருவருக்கு, தள்ளியது; கான்சல்கள் விசாரித்துவிட்டுத் திரும்பச் செனட்டிடமே கொண்டுவந்தார்கள். முடிவு மூன்று: பொம்பெயி பத்து ஆண்டுக்கு அந்த மாதிரிக் கூட்டம் எதையும் நடத்தக்கூடாது, சட்டத்துக்கு மாறாக அங்கே அமைத்திருந்த சங்கங்கள் கலைக்கப்படும், லிவினேயஸும் கலவரத்தைத் தூண்டிய மற்றவர்களும் நாடு கடத்தப்படுவார்கள்.

இது கடுமையா, இலேசா? ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வழக்குகள் இருக்கின்றன. முந்திய பேரரசர் டைபீரியஸ் காலத்தில் வட இத்தாலியின் பொலென்ஷியா ஊரில், ஒரு ராணுவ அதிகாரியின் பிணத்தை மக்கள் மறித்துக்கொண்டு, வாரிசுகள் கிளாடியேட்டர் ஆட்டத்துக்குப் பணம் கொடுத்த பிறகே விட்டார்கள். டைபீரியஸ் இரண்டு பக்கமிருந்தும் படையை அனுப்பி ஊரை வளைத்தார். ஊர்க்காரர்களிலும் சபையிலும் பெரும்பாலோரை ஆயுள் சிறையில் போட்டார். அடுத்தது 58-இல், அதாவது நம் கலவரத்துக்கு முந்திய வருடம், புட்டியோலியில். ஊர்ச் சபைக்கும் மக்களுக்கும் தகராறு. கல்லெறி, தீ வைப்போம் என்ற மிரட்டல். காவற்படை இறங்கியது, சிலர் கொல்லப்பட்டார்கள், ஊர் அடங்கியது.

பொம்பெயிக்குப் படை போனதாக டாசிட்டஸ் சொல்லவில்லை, மரண தண்டனையும் இல்லை. அத்தனை பேர் செத்த வழக்குக்கு இது இலேசுதான். ஏன் என்று யோசித்தால், பொலென்ஷியாவிலும் புட்டியோலியிலும் மக்கள் மேலே இருப்பவர்களை எதிர்த்து நின்றார்கள். இங்கே மக்களும் மக்களும் வெட்டிக்கொண்டார்கள். அரசாங்கத்துக்கு முதல் வகைதான் ஆபத்து.

ஆனால் சங்கங்களைக் கலைத்த உத்தரவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழில், தெரு, தெய்வம் என்று எதையாவது வைத்து மக்கள் சங்கம் கூடுவது எல்லா ஊரிலும் இருந்தது. ரோமுக்கு அதில் ஓயாத சந்தேகம். அரை நூற்றாண்டு கழித்து, இன்றைய துருக்கியில் இருந்த நிக்கோமீடியாவில் பெரிய தீ விபத்து ஏற்பட்டபோது, 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று ஆளுநர் பிளினி கேட்டார். வேண்டாம் என்றார் பேரரசர் டிராஜன். என்ன பெயரில் கூடினாலும் கடைசியில் அரசியல் கட்சியாகிவிடும், தீயை அணைக்கும் கருவிகளை வாங்கி வைத்தால் போதும் என்று பதில். ஊர் எரிந்தாலும் பரவாயில்லை, ஆள் சேரக்கூடாது. பொம்பெயியில் சங்கங்களைத் தேடிப்பிடித்துக் கலைத்தார்கள் என்றால், அடிதடிக்கு ஆள் திரட்டியது அவைதான் என்று செனட் முடிவுக்கு வந்துவிட்டது. வெறும் விளையாட்டு வெறி என்று டாசிட்டஸ் சொல்லலாம். தீர்ப்பெழுதியவர்கள் அப்படி நினைக்கவில்லை.

தீர்ப்புக்குப் பின்

டாசிட்டஸ் சொல்லாமல் விட்ட ஒரு தண்டனை 1875-இல் மண்ணிலிருந்து வந்தது. பொம்பெயியில் ஏலமும் வட்டித் தொழிலும் செய்த கெசீலியஸ் யுகுண்டஸ் வீட்டில் ஒரு பெட்டி நிறைய மெழுகுப் பலகைகள், 150-க்கு மேல். பெரும்பாலும் யுகுண்டஸிடம் பணம் பெற்றுக்கொண்டவர்கள் கொடுத்த ரசீதுகள். ரோமானிய வழக்கப்படி ரசீதில் ஆண்டைக் குறிக்கப் பதவியில் இருப்பவர்கள் பெயரை எழுதுவார்கள். 59 ஜூலையில் ஊரின் இரட்டைத் தலைவர்களாக இருவர் இருக்கிறார்கள், இருவரும் பொம்பேயஸ் கிராஸ்பஸ் குடும்பம். அந்தப் பதவிக்காலம் ஓராண்டு. அது முடிவதற்குள், வேறு இருவர் அந்த இடத்தில் இருக்கிறார்கள். கூடவே நீதி வழங்கும் அதிகாரத்தோடு செக்ஸ்டஸ் பொம்பேயஸ் புரோக்குலஸ் என்ற தனி அதிகாரி. அசாதாரண நிலைமையில்தான் அப்படி ஒருவரைப் போடுவார்கள். ஊர்த் தலைவர்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் பொதுவான முடிவு.

ஆட்டத் தடை முழுமையாக இருந்ததா? நைஜீடியஸ் மாயஸ் என்ற உள்ளூர்ப் பெரும்புள்ளியின் விளம்பரம் ஒன்றில் வேட்டை, மல்லர்கள், கூட்டத்தின் மேல் வாசனை நீர் தெளிப்பு, பந்தல் எல்லாம் உண்டு. கிளாடியேட்டர்கள் மட்டும் இல்லை. தடைக்காலத்து விளம்பரம் என்று பலரும் கருதுவது இதனால்தான். அரங்கைப் பூட்டவில்லை, வாளை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றதை நடத்தியிருக்கிறார்கள். பத்து ஆண்டு முடியும் முன்பே நீரோ தடையை நீக்கிவிட்டார் என்று சிலர் வாதிடுகிறார்கள். அவர் மனைவி பொப்பியாவின் குடும்பத்துக்குப் பொம்பெயிப் பக்கம் தொடர்பு உண்டு. எப்படியோ, 62-இல் வந்த நிலநடுக்கம் ஊரைப் புரட்டிப்போட்ட பிறகு ஆட்டத்தைவிடப் பெரிய கவலைகள் வந்துவிட்டன. அரங்கும் அதில் சேதமாகி, முட்டுச்சுவர் கொடுத்து நிறுத்தப்பட்டது.

தீர்ப்பில் நூக்கேரியாவுக்கு நஷ்ட ஈடு என்று எதுவும் இல்லை. நிலம், எல்லை பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொம்பெயியில் நிலத் தகராறு எவ்வளவு முற்றியிருந்தது என்பது அடுத்த தலைமுறையில் தெரிகிறது. வெஸ்பாசியான் பேரரசரானபின் சுவேடியஸ் கிளமென்ஸ் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார். வழக்குகளைக் கேட்டு, நிலத்தை அளந்து, தனியார் ஆக்கிரமித்திருந்த பொது இடங்களை ஊருக்கு மீட்டுக் கொடுத்ததாக அவர் ஒரே வாசகத்தில் பல கற்களை நட்டார். அவற்றில் ஒன்று நூக்கேரியா வாயிலுக்கு வெளியே நிற்கிறது. கல் நட்டுச் சில ஆண்டுகளில், கி.பி. 79-இல், வெசுவியஸ் எரிமலை வெடித்து ஊரையே புதைத்தது.